ரைபோசோம் நுண்ணுறுப்பு இல்லையா? எச்எஸ்சி உயிரியல் சந்தேகம்

ரோஸ்ஹில் மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். இங்கே மொரீஷியஸில் வருடக் கடைசியில் எச்எஸ்சி, பள்ளி இறுதிப் பரீட்சை. டியூஷன் நோட்டில் "புரோகேரியோட் செல்லில் நுண்ணுறுப்புகள் கிடையாது" என்று இருக்கிறது, அதாவது பாக்டீரியா போன்ற உட்கரு இல்லாத செல்லில். அதே பக்கத்தில் உள்ள பாக்டீரியா படத்திலோ புரதம் தயாரிக்கும் ரைபோசோம் குறித்திருக்கிறார்கள்! நான் எதை எழுதட்டும்?

பயோ அக்கா:
நோட்டில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது, தங்கச்சி. "சவ்வு சூழ்ந்த நுண்ணுறுப்புகள் இல்லை" என்று எழுது. ரைபோசோமுக்குச் சவ்வே கிடையாது, அதனால் இரண்டு வகைச் செல்லிலும் இருக்கும். பாக்டீரியாவில் 70எஸ், யூகேரியோட்டின், அதாவது உட்கரு உள்ள செல்லின், சைட்டோபிளாசத்தில் (உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதியில்) 80எஸ். கேம்பிரிட்ஜ் பாடத்திட்டப்படி மைட்டோகாண்ட்ரியாவிலும் குளோரோபிளாஸ்ட்டிலும் 70எஸ்தான். இதை விட்டுவிடாதே.

ரோஸ்ஹில் மாணவி:
நன்றி அக்கா. 70எஸ்ஸின் இரண்டு துண்டுகள் 30, 50 என்கிறார்கள். கூட்டினால் 80 அல்லவா வருகிறது?

பயோ அக்கா:
நல்ல கேள்வி. எஸ் என்பது எடை இல்லை. மையவிலக்குக் கருவியில் வைத்துச் சுழற்றினால் எவ்வளவு வேகமாக அடியில் படிகிறது என்பதன் அளவு. அது வடிவத்தையும் பொறுத்தது. துண்டுகள் சேர்ந்ததும் வடிவம் மாறிவிடுகிறது, அதனால் கூட்டல் கணக்கு செல்லாது. 80எஸ்ஸும் அப்படித்தான்: 40, 60.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
புரோகேரியோட்டுக்கும் யூகேரியோட்டுக்கும் வித்தியாசம் கேட்டால் இரண்டு பக்கமும் எழுதம்மா. "பாக்டீரியாவுக்குச் செல் சுவர் உண்டு" என்று மட்டும் எழுதி என்ன பயன்? நம் ஊர்க் கரும்புக்கும்தான் உண்டு. பாக்டீரியாவில் அது பெப்டிடோகிளைக்கான், தாவரத்தில் செல்லுலோஸ், பூஞ்சையில் கைட்டின், விலங்குக்குச் சுவரே இல்லை. பென்சிலின் பாக்டீரியாவைக் கொன்று நம் செல்லை விட்டுவிடுவது இதனால்தான். டிஎன்ஏவும் அப்படி: புரோகேரியோட்டில் வட்டமாக, சைட்டோபிளாசத்திலேயே கிடக்கும், யூகேரியோட்டில் நீளமாக, ஹிஸ்டோன் புரதத்தில் சுற்றி, உட்கருவுக்குள் இருக்கும்.

ரோஸ்ஹில் மாணவி:
சரி சார். அளவை எழுதலாமா?

திரியோலே தம்பி:
எழுதலாம். புரோகேரியோட் செல் பொதுவாக 1 முதல் 5 மைக்ரோமீட்டர், யூகேரியோட் 10 முதல் 100. ஆனால் 2022இல் கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவின் அலையாத்திக் காட்டில் கண்டதாக அறிவித்த தயோமார்கரிட்டா மக்னிஃபிகா பாக்டீரியா சுமார் 1 சென்டிமீட்டர் நீளம், கண்ணுக்கே தெரியும்! குவாதலூப்பும் நம் மொரீஷியஸைப்போல் தமிழர்கள் கப்பலேறிப் போன கரும்புத் தீவுதான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
கேட்க நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் பரீட்சையில் அதற்கு நேரம் இல்லை. அம்மா, மனித ரத்தச் சிவப்பணு படம் வந்தால் மட்டும் கவனம். உட்கரு இல்லையே என்று புரோகேரியோட் பக்கம் சேர்த்துவிடாதே. முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிட்ட யூகேரியோட் செல் அது.