சீரிஸ் 3 லாண்ட் ரோவர்: போல் ஜொயின்ட் ஆறும் மாத்தியாச்சு, ஸ்டியரிங் ஆட்டம் போகேல்ல

தெஹிவளை_88
எல்லாருக்கும் வணக்கம். அப்பான்ட 1979 சீரிஸ் 3, 88 இஞ்சி டீசல், இப்ப ரெண்டு வருசமா நான்தான் வச்சிருக்கிறன். ஹைலெவல் ரோட்டில மஹரகம தாண்டி 50க்கு மேல போனா வாகனம் தன்பாட்டுக்கு அங்கால இங்கால அலையுது, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் திருத்தித் திருத்திக்கொண்டேதான் போகவேணும், பக்கத்தில ஒரு பஸ் முந்திப்போனா நெஞ்சு திக்கெண்டுது. நிப்பாட்டி வச்சுப் பாத்தா ஸ்டியரிங்கின்ட மேல் விளிம்பு மூண்டு விரல் அளவுக்கு சும்மா போய் வருது, அதுக்குப் பிறகுதான் ரயர் அசையுது.

போன மாசம் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில, ஸ்டியரிங் ரொட்டுகளின்ட நுனியில இருக்கிற போல் ஜொயின்ட் (உருண்டை மூட்டு) ஆறும் வாங்கி ஒரு கராஜில குடுத்து மாத்தினன், அலைன்மென்டும் செய்தாச்சு. கொஞ்சம் குறைஞ்சுது, போகேல்ல. திரும்பக் கொண்டுபோனா பாஸ் ஸ்டியரிங் பொக்ஸில (ஸ்டியரிங் சுத்துறத ரொட்டுக்குக் கடத்துற பெட்டி) ஆட்டத்தக் குறைக்க இருக்கிற ஸ்க்ரூவ இறுக்கிவிட்டார். இப்ப ஆட்டம் பாதியாக் குறைஞ்சிருக்கு, ஆனா சந்தியில திருப்பினா ஸ்டியரிங் தானா நேருக்கு வருதில்ல, நான்தான் இழுத்து நேராக்கவேணும். இனி பொக்ஸையே மாத்தவேணும் எண்டுறார். அந்தக் காசு இப்ப என்னட்ட இல்ல, அம்மாவ ஏத்திக்கொண்டு கண்டிக்குப் போக உண்மையாப் பயமா இருக்கு. எங்க இருந்து தொடங்கிறது?

மண்ரோட்டுக்காரன்
தம்பி, முதல்ல அந்த ஸ்க்ரூவப் பழைய இடத்துக்குத் தளர்த்துங்கோ, இண்டைக்கே. பொக்ஸ் எப்பவும் நடுவிலதான் கூடத் தேயும், ஏனெண்டா நாங்கள் ஓடுற நேரத்தில முக்காவாசி நேராத்தானே ஓடுறம். நடுவில இருக்கிற தேய்மானம் முழுக்க ஸ்க்ரூவால எடுத்தா, தேயாத ரெண்டு பக்கமும் பிடிக்கத் தொடங்கும், அப்ப திருப்பத்தில ஸ்டியரிங் அப்பிடியே நிண்டிடும். இது ஓடுறதுக்கு ஆபத்து, லூஸா இருக்கிறதவிட மோசம்.

ஸ்க்ரூ கடைசி வேலை. அதுவும் பொக்ஸில இருந்து போற நீள ரொட்டக் கழட்டிப்போட்டு, ஒரு அந்தத்தில இருந்து மற்ற அந்தம்வரை கையால சுத்திப் பாத்து, எங்கயும் பிடிக்காம நடுவில மட்டும் மெல்லிய இறுக்கம் தெரியிற அளவுக்கு வச்சு லொக் நட்ட இறுக்கிறது.

ஆட்டத்தத் தேட உங்களுக்குத் துணையா ஒரு ஆள் போதும், காசு தேவையில்ல. வாகனத்த ஜக் போடாம நாலு ரயரும் நிலத்தில நிக்கிற மாதிரியே விடுங்கோ, பாரம் இருந்தாத்தான் ஆட்டம் தெரியும். ஒருத்தர் சீற்றில இருந்து ஸ்டியரிங்க அந்த மூண்டு விரல் தூரத்துக்கு மட்டும் ஆட்டட்டும், நீங்கள் கீழ படுத்து பொக்ஸில தொடங்கி ஒவ்வொரு ஜொயின்டிலயும் கை வச்சுக்கொண்டு போங்கோ. ஜொயின்டின்ட ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில அசைஞ்சா அது நல்லது. ஒரு பக்கம் முதல்ல அசைஞ்சு மற்றது பிந்தி வந்தா, விரலுக்குக் கீழ ஒரு சின்ன டிக் எண்டு தெரியும், அதுதான் ஆள். பொக்ஸ் பூட்டியிருக்கிற போல்டுகளையும் பாருங்கோ, பொக்ஸே அசைஞ்சா நீங்கள் என்னத்த மாத்தியும் பிரயோசனமில்ல.

கொட்டாஞ்சேனை பழையிரும்பு
அவர் சொன்னது சரி, ஆனா சீரிஸ் வண்டில எல்லாரும் மறக்கிற சாமான் ஒண்ணு இருக்கு, ரிலே. முன் குறுக்குச் செசிக்குள்ள நிமிர்ந்து நிக்கிற அந்தக் குழாய். மேல் கைய பொக்ஸ் ரொட் தள்ளும், கீழ் கை வீல தள்ளும். மேல் கை அசைஞ்சு கீழ் கை நிக்குதுன்னா கையப் பிடிக்கிற கிளாம்ப் போல்ட் லூஸ், இல்லன்னா பல் தேஞ்சிருக்கு. உள்ள ஒயில் இல்லாமத் துருப் பிடிச்சா ஸ்டியரிங் பாரமாகும், திரும்பி வராது. அதனால உங்கட ரெண்டாவது பிரச்சினை ஸ்க்ரூவால மட்டுமா, ரிலேயாலயுமான்னு பிரிச்சுப் பாக்கணும். நீள ரொட்டக் கழட்டுங்க, ஸ்டியரிங்க சுத்துங்க, பிறகு ரிலே கையக் கையால தள்ளுங்க. எந்தப் பக்கம் இறுக்கமோ அங்கதான் வேல.

ஒயில் விடணும்னா மேல் மூடில இருக்கிற போல்ட்ல ரெண்டக் கழட்டி, ஒண்ணால ஈ.பி. 90 கியர் ஒயில் விடுங்க, மத்தது காத்துப் போக. பொறுமையா விடணும், மெதுவாத்தான் இறங்கும்.

ஒரு விசயம் கட்டாயம் சொல்லணும். யூடியூப் பாத்து ரிலேய வீட்டுல பிரிக்க வேணாம். உள்ள பெரிய ஸ்பிரிங் ஒண்ணு அமுக்கி வச்சிருக்கு, கழண்டா புஷ் துண்டுகள் சுட்ட மாதிரிப் பறக்கும். துணி சுத்தி, குழாய்க்குள்ள வச்சு எடுக்கத் தெரிஞ்சவங்கட்ட மட்டும் குடுங்க.

ரயர்_பைத்தியம்
வில்லு (ஸ்பிரிங் பட்டை) புஷ்சும், அத அச்சோட பிடிக்கிற யூ போல்டும் பாத்தீங்களா? பின் வில்லு புஷ் தேஞ்சாலும் அச்சு தன்பாட்டுக்குத் திரும்பி அலையும், ஸ்டியரிங்கில பிழை எண்டு நினைச்சு நாங்கள் முன்னுக்கே தேடிக்கொண்டிருப்பம். ரயர் காத்தும் ரெண்டு பக்கமும் ஒரே அளவா எண்டு பாருங்கோ.

தெஹிவளை_88
ஞாயிறு முழுக்க இதுதான் வேலை. அக்கான்ட மகன் சீற்றில, நான் கீழ. ஸ்க்ரூவ முதல் தளர்த்திட்டன். பொக்ஸ் போல்டுகள் இறுக்கம். நீள ரொட்டில கை வச்சன், அவன் ஆட்டினான், டிக். முன் போல் ஜொயின்ட் புதுசு, ரப்பர் கவர்கூட மினுங்குது, ஆனா மரை மட்டும் ரொட்டுக்குள்ள ஒரு நூலளவு முன்னுக்கும் பின்னுக்கும் போய் வருது, வாயில சிவப்புத் தூள் படிஞ்சிருக்கு. மரைய ரொட்டோட இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் போல்ட் கையாலயே சுத்துப்படுது. மாத்தினவர் அத இறுக்கவே இல்ல! அத நினைச்சு எனக்கு அழுகை வந்த மாதிரி இருந்துது, இதோட எத்தின தரம் அம்மாவ ஏத்திப் போயிருக்கிறன்.

உடன மற்ற கிளாம்ப் எல்லாம் பாத்தன், ரெண்டு முன் வீலையும் இணைக்கிற டை ரொட்டில ஒண்டு அரைகுறை. ஒரு பக்கம் இடமரை (எதிர்ப்பக்கம் சுத்துற மரை) எண்டபடியா குழாய் சுத்துப்பட்டா அலைன்மென்ட் தானா மாறும், செய்த அலைன்மென்ட் அதாலதான் நிக்கேல்ல எண்டு நினைக்கிறன். எல்லாத்தையும் இறுக்கித் திரும்பச் செய்யக் குடுக்கப்போறன்.

கொட்டாஞ்சேனை அண்ணா, ரிலே நீங்கள் சொன்னதேதான். ரொட்டக் கழட்டினா ஸ்டியரிங் ஒரு விரலால சுத்துது, ரிலே கை கட்டி வச்ச மாதிரி இறுக்கம். மூடி போல்டக் கழட்டினா உள்ள ஒயிலே இல்ல, கம்பிய விட்டு எடுத்தா தேத்தண்ணி நிறத்தில தண்ணி. தண்ணிய உறிஞ்சி எடுத்துப்போட்டு ஒயில் விட்டன், ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுத்துது. இப்ப ஆட்டம் ஒரு விரலும் இல்ல, திருப்பத்தில மெதுவா எண்டாலும் தானா வருது. பொக்ஸ் மாத்தத் தேவையில்ல.

இன்னும் ஒண்டு இருக்கு. ஜக் போட்டு வீல மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா வலப்பக்கம் ஒண்டுமில்ல, இடப்பக்கம் டொக் டொக் எண்டுது. வீல் பெயாரிங்கா?

மண்ரோட்டுக்காரன்
நல்ல வேலை தம்பி. திரும்ப அதே மாதிரி ஆட்டுங்கோ, இந்தமுறை மருமகன் பிரேக்க மிதிச்சுக்கொண்டிருக்கட்டும். டொக் நிண்டா வீல் பெயாரிங், நிக்காட்டி சுவிவல் பின், அதாவது முன் வீல் திரும்புறதுக்கு மேலயும் கீழயும் இருக்கிற பின்.

தெஹிவளை_88
நிக்கேல்ல.

கொட்டாஞ்சேனை பழையிரும்பு
அப்ப சுவிவல் பின். மேல் பின்னுக்குக் கீழ இருக்கிற ஷிம்ம (மெல்லிய தகடு) ஒவ்வொண்ணா எடுத்து இறுக்கணும். அந்த வீல்ல பூட்டியிருக்கிற ஸ்டியரிங் ரொட்டுகளக் கழட்டி, பெரிய ஒயில் சீலையும் விலக்கிட்டு அளங்க, இல்லன்னா சீல் இறுக்கத்தயும் சேத்துக் காட்டும். ஸ்டியரிங் கைல ஸ்பிரிங் தராசக் கொளுவி இழுத்து, திருப்ப எவ்வளவு பாரம் எடுக்குதுன்னு பாக்கிறது, அளவு வேர்க்ஷொப் மனுவல்ல இருக்கு. உள்ள புஷ் தேஞ்சு முடிஞ்சிருந்தா ஷிம் உதவாது, அத மாத்தத்தான் வேணும். கண்டிப் பயணத்த அதுவரைக்கும் தள்ளிப் போடுங்க.

தெஹிவளை_88
தள்ளிப்போட்டாச்சு அண்ணா, அம்மாட்ட சொல்லிட்டன். தராசு எங்க வாங்கலாம், வேர்க்ஷொப் தராசு விலை கேட்டுப் பாக்கவேணும்.

கொட்டாஞ்சேனை பழையிரும்பு
மீன்காரங்க தொங்கவிட்டு நிறுக்கிற கொக்கித் தராசே போதும், என்கிட்ட ஒண்ணு சும்மா கிடக்கு. சனிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போங்க, மனுவல்ல அந்தப் பக்கத்த நானும் பிரதி எடுத்து வைக்கிறேன்.