ஆய்வுக்கூடத்தில் மூன்று மணி நேரம்: நிருபர் பயிற்சியா, பிக்னிக்கா?

லயத்துப்பையன்:
குளுவாங் பையன் நான். இதழியல் இரண்டாம் ஆண்டு. அடுத்த மாதம் வகுப்போடு மூன்று ஆய்வுக்கூடங்களுக்குப் போகிறோம், ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரம். முதலில் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆய்வுக்கூடம். வேனுக்கும் சாப்பாட்டுக்கும் ஆளுக்கு 80 வெள்ளி. அப்பாவிடம் கேட்பதற்கு முன் இங்கே கேட்டுக்கொள்கிறேன்: பலன் உண்டா?

பழைய நிருபர்:
கொடுக்காதே தம்பி. முப்பது வருஷம் தமிழ்ப் பத்திரிகையில் இருந்தவன் சொல்கிறேன். வாசலில் வரவேற்பு, கறிபாப், வெள்ளைக் கோட்டு மாட்டி ஒரு குரூப் போட்டோ. கிளம்பும்போது கையில் செய்திக்குறிப்பு. மறுநாள் அதையே தமிழில் போட்டு, மேலே உன் பேரைப் போட்டுக்கொள்வாய். அவர்கள் காட்டுகிற அறையைத்தான் பார்ப்பாய்.

செம்பருத்தி:
ஐயா சொல்லும் கறிபாப் விசிட்டுக்கு நானும் போயிருக்கிறேன், மறுக்கவில்லை. நான் இதழியல் சொல்லிக்கொடுப்பவள். போன வருடம் மாணவர்களுக்கு ஒரே விதிதான் வைத்தேன்: செய்திக்குறிப்பு வாங்கக் கூடாது. ஆளுக்கொரு மேசை, அங்கே கை என்ன செய்கிறதோ அதை மட்டும் எழுத வேண்டும்.

செம்பனையின் அடித்தண்டை அழுக வைக்கும் கானோடெர்மா பூஞ்சையை வட்டத் தட்டுகளில் வளர்த்து, மருந்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டில் மட்டும் பூஞ்சை பஞ்சுபோல விளிம்புவரை படர்ந்திருந்தது. "இதுக்கு மருந்து விட மறந்துட்டீங்களா?" என்றாள் ஒரு மாணவி. உதவியாளர் சிரித்துவிட்டார். "வேணும்னேதான் விடல. இது இல்லேன்னா மத்த தட்டுல பூஞ்சை வளராதது மருந்தாலதான்னு எதை வச்சு சொல்றது?"

அவ்வளவுதான், ஐந்து நிமிடம். ஆனால் அப்புறம் 'சாறு குடித்த 20 பேருக்குச் சர்க்கரை இறங்கியது' என்று ஒரு செய்தி வகுப்புக்கு வந்தபோது, "குடிக்காதவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டவள் அவள்தான். பாடமாக நான் மூன்று வாரம் நடத்தியும் அந்தக் கேள்வி யாருக்கும் வந்ததில்லை.

பழைய நிருபர்:
நல்ல கதைதான் டீச்சர். நான் நீப்பா காலத்து ஆள், பன்றியிலிருந்து மனிதருக்குத் தொற்றிய வைரஸ் அது. 1998, 99. ஈப்போ பக்கம் தொடங்கி நெகிரி செம்பிலானுக்கு வந்தது. முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசுதான் காரணம் என்றார்கள். புகை அடிப்பதைப் படம் பிடித்துப் போட்டோம். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். மலேசியாவில் மட்டும் 265 பேருக்கு வந்து 105 பேர் போனார்கள். எந்தக் கூடத்துக்குள் போயிருந்தாலும் அது எனக்குப் புரிந்திருக்காது. பன்றிப் பண்ணைக்குப் போயிருந்தால் புரிந்திருக்கும்.

செம்பருத்தி:
பண்ணைக்குப் போய் என்ன கேட்டிருப்பீர்கள்? ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். இங்கே படுத்தவர்கள் பெரிய ஆட்கள், அதிலும் பன்றியோடு வேலை செய்தவர்கள். கணக்கு உதைக்கிறதே என்று தோன்ற வேண்டுமே ஐயா. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புது வைரஸைக் கண்டுபிடித்ததும், இது பழைய நோயாக இருக்காது என்று சந்தேகப்பட்டதால்தான்.

பழைய நிருபர்:
தோன்றவில்லைதான். அதை ஒத்துக்கொள்கிறேன். மூன்று மணி நேரத்தில் தோன்ற வைத்துவிடலாம் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

ரயிலடி கோப்பி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். குளுவாங்கில் இருந்துகொண்டு வண்டைப் பற்றி யாரும் பேசவில்லையே! செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் வண்டை கேமரூனிலிருந்து கொண்டுவந்து, மற்ற பயிரைத் தின்னுமா என்று அடைத்துவைத்துச் சோதித்து, 1981 பிப்ரவரியில் முதலில் விட்டது நம்ம மாமோர் தோட்டத்தில்தான். கூடத்தில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும். அதற்கு முன் அந்த வேலையைச் செய்தது என் பாட்டி மாதிரி ஆட்கள். மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து, மரம் மரமாகப் போய்ப் பூவில் ஊதுவார்கள். வண்டு வந்தது, அந்த வேலை போனது. தம்பி, கூடத்துக்கும் போ, தோட்டத் தொழிலாளர்கள் இருக்கும் லயத்துக்கும் வா. ஒன்றை மட்டும் பார்த்து எழுதினால் பாதிச் செய்திதான்.

பழைய நிருபர்:
இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்?

செம்பருத்தி:
இல்லை ஐயா, கூடத்துக்குப் போகாதே என்றுதான் சொன்னீர்கள். :)

லயத்துப்பையன்:
80 வெள்ளி கேட்டுவிட்டேன், அப்பா சரி என்றார். கோப்பி அண்ணே, பாட்டியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வரலாமா?

ரயிலடி கோப்பி:
பசியாறிவிட்டுக் காலையிலேயே வந்துவிடு, மதியம் தூங்கிவிடுவார். இடது காது கேட்காது, வலது பக்கம் உட்கார். போனில் பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே கேட்டுவிடு, கோபம் வந்துவிடும்.