சமூக சேனலில் எங்கள் அரை மணி நேரம்

அமெரிக்காவில் நான் இருக்கிற நகரத்தின் கேபிளில் ஒரு பப்ளிக் ஆக்சஸ் சேனல் உண்டு. ஊரில் குடியிருக்கும் யாரும் நிகழ்ச்சி தயாரித்துப் போடலாம் என்று நூலகத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, அரை நம்பிக்கையோடுதான் போனேன். வரவேற்பில் இருந்தவர் முகவரிச் சான்று கேட்டார், பயிற்சிக்கு எந்த வாரம் வர முடியும் என்று கேட்டார். அவ்வளவுதான். என்ன பேசப்போகிறேன் என்று கேட்கவே இல்லை. நானாகத்தான் "தமிழில் செய்யலாமா?" என்றேன். "எந்த மொழியானாலும் சரி, முதலில் வருபவருக்கு முதல் இடம்" என்றார்.

மூன்று மாலை பயிற்சி. வெள்ளைத் தாளைக் கேமரா முன்னால் பிடித்து நிறத்தைச் சரிசெய்வது, ஒலி அளவைப் பார்த்துக்கொண்டே இருப்பது, இப்படி. பயிற்சி கொடுத்தவர் இடையிடையே இந்த ஏற்பாடு வந்த கதையையும் சொன்னார். 1971 ஜூலையில் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் தொடங்கியதாம். அதற்குப் பாடுபட்ட ஜார்ஜ் ஸ்டோனி, கனடாவில் சாதாரண மக்கள் கையில் கேமராவைக் கொடுத்த திட்டத்தில் வேலை பார்த்தவர். 1972-இல் பெரிய நகரங்களின் கேபிள் நிறுவனங்கள் பொதுமக்களுக்குச் சேனல் ஒதுக்க வேண்டும் என்று விதி வந்தது. 1979-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சேனல் கேட்கும் உரிமையை 1984-இல் வந்த சட்டம் உள்ளூர் நிர்வாகத்துக்குக் கொடுத்தது. கேபிள் இழுக்க ஊரின் தெருவும் கம்பமும் வேண்டும், அதற்கு ஈடாகச் சேனல் கொடு என்பதுதான் கணக்கு. அப்படியானால் அது நம் தெருவுக்கான வாடகை! அதைக் கேட்டபிறகு எனக்கிருந்த கூச்சம் போய்விட்டது.

முதல் விருந்தினர் எங்கள் எதிர்வீட்டு அம்மா. மகனோடு இருக்க வந்து பத்து வருஷமாகிறது. மைக்கைப் புடவைத் தலைப்பில் குத்திவிட்டோம். பட்டு உரசும் சரசரப்புதான் கேட்டது, பேச்சே கேட்கவில்லை. ரவிக்கைக்கு மாற்றியபிறகு சரியாயிற்று. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்ததும், "தம்பி, இப்போ ஊரே பார்க்குதா?" என்றார். அதை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. தனியாக பஸ் ஏறக் கற்றுக்கொண்டதைப் பற்றி இருபது நிமிஷம் நிறுத்தாமல் பேசினார்.

அடுத்த நிகழ்ச்சி திரும்பி வந்துவிட்டது. தையல் வேலை செய்யும் ஒருவர் பேச்சுவாக்கில் கூலியையும் போன் நம்பரையும் சொல்லிவிட்டார். விளம்பரம் கூடாது. வெட்டிக் கொடுப்பதற்குள் அந்த வார நேரம் போய்விட்டது. அவருக்கு என்னைவிட வருத்தம். விதி நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன், அதைத் தொடங்கும் முன்பே நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

* * *

உங்கள் பதிவைப் படித்ததும் எங்கள் ஊர் நிலையம்தான் நினைவுக்கு வந்தது. நான் அங்கே நாலு வருஷம் தன்னார்வலராகக் கேமரா பிடித்தேன். இப்போது சனிக்கிழமைகளில் மூடிவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நாளே அதுதான். காரணம் பணம். கேபிள் வருமானத்தில் நகரம் அதிகபட்சம் 5 சதவீதம்வரை கட்டணம் வாங்கலாம், எங்கள் நிலையம் அதில் கிடைக்கும் பங்கில்தான் ஓடுகிறது. ஜனங்கள் கேபிளை விட்டு இணையத்துக்குப் போகப்போக அது சுருங்குகிறது. "யூடியூப் இருக்கே, இது எதுக்கு?" என்று நகர சபைக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். யூடியூப் கேமரா கடன் கொடுக்குமா? பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்குமா? எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் என்னிடம்தான் எடிட்டிங் கற்றுக்கொண்டார்.

* * *

முதலில் எழுதியவன்தான். சனிக்கிழமை மூடல் இங்கேயும் வரும்போல் இருக்கிறது. அடுத்த மாதம் கேபிள் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி எங்கள் நகர சபை பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. எதிர்வீட்டு அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார். தமிழில்தான் பேசுவாராம், நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தால் போதுமாம்.