விகார அமைப்புக்குத் தமிழில்: ‘பெரும்பள்ளிக்கட்டு’

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஏற்காட்டில் எழவிருக்கும் தங்கும் விடுதி ஒன்றின் வரைபடக் குறிப்புகளைத் தமிழாக்கி வருகிறேன். நடுவில் திறந்த முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், தாழ்வாரத்தைப் பார்த்த சிற்றறைகள், வாயிலுக்கு நேர் எதிரே தியான அறை. நாளந்தாவின் செங்கல் விகாரங்களை, அதாவது புத்தத் துறவியர் மடங்களை, ஒட்டிய அமைப்பு இது. இதைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதே நம் குழுவில் எழுந்த கேள்வி.

‘விகாரக் கட்டடம்’ என்று குழுவில் சிலர் முன்மொழிந்தார்கள். வேர் சரிதான். ஆனால் விகாரம் என்றதும் நம் மனத்தில் முதலில் எழுவது கோரமான தோற்றம். விருந்தினர் படிக்கும் பலகையில் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. குழுவில் ‘பாழி’யைச் சொன்ன அம்மையாருக்கு நன்றி. துறவியர் உறைவிடம், படுக்கை, குகை எல்லாம் அதற்குள் அடக்கம். அருமையான சொல், ஆனால் ‘பாழ்’ என்ற ஒலி அதை விழுங்கிவிடுகிறது.

என் மனம் ‘பள்ளி’யில்தான் நிற்கிறது. உறங்கும் இடமும் பள்ளி, துறவியர் மடமும் பள்ளி. தங்கும் விடுதிக்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது? ‘கட்டு’ என்ற பின்பாதியைத் தந்தவர் ஒரு கொத்தனார். படத்தைத் திண்ணையில் விரித்தேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “தொட்டிக்கட்டு வீடுதானே இது?” என்றார். பிறகு விரலை அறை அறையாக நகர்த்தி, “ஆனால் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கதவு இல்லையே” என்றார். எத்தனை கூர்மையான பார்வை! நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த தொட்டிக்கட்டில் ஒரு குடும்பம் புழங்குகிறது. விகாரத்தில் ஒவ்வொருவரும் தனியே உறங்கி, தாழ்வாரத்துக்கு வந்தால்தான் அடுத்தவர் முகம் தெரியும்.

‘பள்ளிக்கட்டு’ என்று நிறுத்தினால் ஐயப்ப பக்தர்களின் இருமுடி ஆகிவிடும். ‘பள்ளி’ மட்டும் என்றால் பள்ளிக்கூடம். வழி நாகப்பட்டினத்தில் இருக்கிறது. கடல் கடந்த ஸ்ரீவிசய நாட்டின் சைலேந்திர மரபு மன்னன் சூளாமணிவர்மன் அங்கே தொடங்கி, அவன் மகன் முடித்த விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்தான். நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளிகளை முதலாம் குலோத்துங்கன் காலச் செப்பேடு இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திர சோழப் பெரும்பள்ளி என்று குறிக்கிறது. கடல் கடந்து வந்தவர்கள் எழுப்பிய விகாரத்துக்கே தமிழில் பெயர் இருந்திருக்கிறது. ஆத்தூர் அருகே தியாகனூரில் புத்தர் சிலைகளை வைத்துக்கொண்டிருக்கும் நம் சேலம் மாவட்டம் சொல்லுக்குத் தவிக்கலாமா?

ஆகவே ‘பெரும்பள்ளிக்கட்டு’ என்பது என் பரிந்துரை. ‘பெரும்’ என்ற முன்னொட்டால் பெயர் நீளம்தான், ஆனால் அதுவே பள்ளிக்கூடத்தையும் இருமுடியையும் விலக்கிவிடுகிறது. தியான அறையின் மேடைக்குப் ‘பீடிகை’ என்றே எழுதிவிட்டேன். மணிமேகலையில் உள்ள சொல், அதற்கு விவாதம் வேண்டியதில்லை.

திருத்திய படத்தை நேற்று அதே கொத்தனாரிடம் கொடுத்தேன். தலைப்பை வாய்விட்டுப் படித்தார். பொருள் கேட்கவில்லை. “இந்தப் பெரும்பள்ளிக்கட்டுக்கு மழைத்தண்ணீர் எந்த மூலையில் இறங்குகிறது?” என்றுதான் கேட்டார்.

அன்புடன்,
சேலத்திலிருந்து