சிங்கப்பூர் – நியூயார்க்: அப்பாவை ஒரே விமானத்தில் அனுப்பலாமா?

அனைவருக்கும் வணக்கம். தங்கைக்கு அக்டோபரில் பிரசவம். அம்மா ஏற்கெனவே நியூ ஜெர்சியில் இருக்கிறார். 72 வயது அப்பா சிங்கப்பூரிலிருந்து தனியாகப் போக வேண்டும்.

சாங்கியிலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு நேர்த்தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் 17 மணி நேரம். ஆனால் ஏறி இறங்குவதும் காற்றும் சுற்றுப் பாதையும் சேர்ந்து, நடுவில் நிற்காத விமானத்துக்கே பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பிராங்பர்ட் வழியாகப் போனால் நடுவில் இறங்கிக் கொஞ்சம் நடக்கலாம், ஆனால் மொத்த நேரம் கூடும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரையும் உண்டு. தினமும் காலை, இரவு இரண்டு வேளை இன்சுலின். அக்டோபரில் நியூயார்க் நமக்கு 12 மணி நேரம் பின்னால் இருக்கும். நள்ளிரவில் ஏறினால் அங்கே அதே தேதியில் விடிகாலை இறங்குவார். ஆனால் உடம்புக்கு அப்போது மாலை. ஊசி நேரத்தை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் கேட்கப் போகிறோம். அதற்கு முன் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் தெம்பாக இருக்கும்.

வயதானவர்களை இந்த நீண்ட விமானத்தில் அனுப்பியவர்கள் இருக்கிறீர்களா? கால் வீங்கியதா? நடைபாதை ஓர இருக்கை போதுமா, இல்லை முன்வரிசைதான் வசதியா? சக்கர நாற்காலி கேட்டிருந்தால் குடிநுழைவு வரிசை முடியும்வரை கூடவே வருவார்களா? அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, அதுதான் எனக்குப் பெரிய கவலை. இந்த வாரத்துக்குள் டிக்கெட் போட வேண்டும்.