எஸ்பெராந்தோவில் பிழையில்லாமல் எழுத எவ்வளவு இலக்கணம் வேண்டும்?

வெள்ளவத்தைக்காரன்:
இரண்டு மாதமாக எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியைப் படிக்கிறேன். வேலை முடிந்து கோட்டையில் ரயில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கும்வரைதான் எனக்குக் கிடைக்கும் நேரம், ஃபோனில் ஒரு செயலியை வைத்துப் படிக்கிறேன். அதை உருவாக்கிய சமென்ஹோஃப் 1887இல் வார்சாவில் வெளியிட்ட முதல் புத்தகத்தில் இலக்கணம் மொத்தமே 16 விதிகள் என்று அறிந்துதான் ஆசை வந்தது, ஒரு போயா விடுமுறை நாளில் அந்த 16ஐயும் படித்து முடித்தும்விட்டேன். வாசித்தால் ஓரளவு விளங்குகிறது, எழுதினால் பிழை வருகிறது. பிரேசிலில் ஒருவரோடு கடிதப் பழக்கம் இருக்கிறது. கூட்டம் தொடங்கியது என்பதற்கு "லா குன்வேனோ கொமென்ட்ஸிஸ்" என்று எழுதினேன், அவர் "கொமென்ட்ஸீஜிஸ்" என்று திருத்தினார். சோறு சாப்பிட்டேன் என்று "மி மாஞ்ஜிஸ் ரீஸோ" எழுதினேன், "ரீஸோன்" என்று திருத்தினார். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஆங்கில இலக்கணம் எனக்குச் சரிவராது. அதை முதலில் ஒழுங்காகப் படித்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டுமா? உண்மையில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கொட்டாஞ்சேனை டீச்சர்:
தம்பி, ஆங்கில இலக்கணத்தை விடுங்கள். உங்கள் இரண்டு பிழையும் தமிழ் இலக்கணத்தை நினைத்தாலே விளங்கிவிடும். நான் தமிழ் படிப்பிக்கிறவள், எஸ்பெராந்தோவுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த "ன்" நம்முடைய இரண்டாம் வேற்றுமை உருபு ஐ செய்கிற வேலையைத்தான் செய்கிறது. "நாய் பூனையைக் கடித்தது" என்பதை "பூனையைக் கடித்தது நாய்" என்று மாற்றிப் போட்டாலும் கடிபட்டது எது என்பதில் நமக்குச் சந்தேகம் வராது. அப்படியே "லா ஹுந்தோ மோர்திஸ் லா காத்தோன்" என்றாலும் "லா காத்தோன் மோர்திஸ் லா ஹுந்தோ" என்றாலும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் நின்று யோசிக்கிறவர்களுக்கு இது புதுசு, நமக்கு இல்லை. ஆனால் நாம் தடுக்கி விழும் இடம் வேறு. உயிரில்லாத பொருளுக்கு ஐ போடாமல் விடுவது தமிழில் இயல்பு: சோறு சாப்பிட்டேன், கடிதம் எழுதினேன், பஸ் பிடித்தேன். வேற்றுமைத்தொகை என்று படித்திருப்பீர்கள். எஸ்பெராந்தோவில் அந்தச் சலுகை இல்லை, உருபு வெளியே தெரிந்தே ஆக வேண்டும். உங்கள் "ரீஸோ" அங்கேதான் பிழையானது. எழுதும்போது மனதுக்குள் "சோற்றைச் சாப்பிட்டேன்" என்று ஒருமுறை விரித்துச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பிழை போய்விடும்.

அடுத்தது தன்வினை, பிறவினை. உருள், உருட்டு, திருந்து, திருத்து. இவற்றில் நாம் தவற மாட்டோம், சொல்லே வேறாக இருக்கிறது. ஆனால் "தொடங்கு" இரண்டு பக்கமும் போகும்: கூட்டம் தொடங்கியது, கூட்டத்தைத் தொடங்கினார். அந்தப் பழக்கத்தில்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எஸ்பெராந்தோவில் ஒவ்வொரு வினைச்சொல்லும் பிறக்கும்போதே ஒரு பக்கத்தில் நிற்கும். "கொமென்ட்ஸி" என்றால் ஒன்றைத் தொடங்குவது, தானாகத் தொடங்கினால் இடையில் "இஜ்" சேர வேண்டும். "போலி" என்றால் தண்ணீர் கொதிப்பது, நாம் கொதிக்க வைத்தால் "போலீகி", அங்கே சேருவது "இக்". எந்தச் சொல் எந்தப் பக்கம் என்பதை அந்த 16 விதிகளும் உங்களுக்குச் சொல்லித் தராது. புதுச் சொல் ஒன்றை எழுதி வைக்கும்போதே செயப்படுபொருள் குன்றியதா குன்றாததா என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

தெஹிவளைச் சந்தி:
டீச்சர் சொன்ன இரண்டாவது விஷயத்துக்குச் சிங்களம் பேசத் தெரிந்தால் இன்னும் லேசு. "கடனவா" என்றால் ஒருவர் உடைப்பது, "கெடெனவா" என்றால் அதுவாக உடைவது. "ரோம்பி", "ரோம்பீஜி" என்பதும் அதே சோடிதான். எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

பம்பலப்பிட்டி அண்ணா:
ஒன்பது வருடமாக இந்த மொழியில் எழுதுகிறேன், இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன்.

ஒன்று, "தன்". "அவன் தன் கடிதத்தை வாசித்தான்", "அவன் அவனுடைய கடிதத்தை வாசித்தான்" என்பதில் இரண்டாவது வேறொருவனின் கடிதமாக இருக்கலாம். எஸ்பெராந்தோவிலும் இதே பிரிவு, "ஸீயா" என்றால் தன், "லீயா" என்றால் அவனுடைய. தமிழில் அவனும் அவன் மனைவியும் வந்தார்கள் என்போமே தவிர, தன் மனைவியும் என்று சொல்ல மாட்டோம், அங்கேயும் "லீயா"தான் வரும். இதைத் தமிழ்க் காதால் கேட்டு எழுதினால் போதும்.

மற்றது பெயரெச்சம், எனக்குப் பிடிபட நீண்ட நாள் எடுத்தது இதுதான். வாசிக்கிற, வாசித்த, வாசிக்கப்போகிற என்று காலம் காட்டுவதற்கு "லேகான்த்தா", "லேகின்த்தா", "லேகோன்த்தா" இருக்கிறது, அதுவரை சுகம். ஆனால் தமிழில் "வாசித்த பிள்ளை" என்கிறோம், "வாசித்த புத்தகம்" என்றும் சொல்கிறோம், பிள்ளை வாசித்தது, புத்தகம் வாசிக்கப்பட்டது, எச்சம் ஒன்றேதான். எஸ்பெராந்தோ இதை ஒப்புக்கொள்ளாது, பிள்ளைக்கு "லேகின்த்தா", புத்தகத்துக்கு "லேகித்தா". நான் ஒரு வருடம் முழுக்க இரண்டுக்கும் ஒன்றையே எழுதிக்கொண்டிருந்தேன், ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

அப்புறம், எங்கே, அங்கே போன்ற வினா, சுட்டுச் சொற்களைத் தரும் 45 சொல் அட்டவணை ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எங்கே அங்கே, எப்போது அப்போது, எவ்வளவு அவ்வளவு என்று நமக்கு எகரமும் அகரமும் செய்வதை அங்கே "கீ", "தீ" செய்கிறது: கீயே தீயே, கீயாம் தீயாம், கீயோம் தீயோம். மனப்பாடம் செய்யாமலே வந்துவிடும். உலக எஸ்பெராந்தோ சங்கம் நடத்தும் தேர்விலும் பார்ப்பது வாசிப்பு, கேட்டு விளங்குதல், எழுத்து, பேச்சு, இவைதான்.

வெள்ளவத்தைக்காரன்:
டீச்சர், அண்ணா, நன்றி. இன்று ரயிலிலேயே ஒன்று எழுதிப் பார்த்தேன், "நான் என் நண்பனின் நீண்ட கடிதத்தை வாசித்தேன்" என்பதற்கு: "மி லேகிஸ் லா லோங்கா லேத்தேரோன் தே மீயா அமீக்கோ". ன் போட மறக்கவில்லை. சரியா?

கொட்டாஞ்சேனை டீச்சர்:
"லேத்தேரோன்" சரி. "தே"க்குப் பிறகு "அமீக்கோ"வை ன் இல்லாமல் விட்டதும் சரி. "லோங்கா" மட்டும் பிழை, அது "லோங்கான்" என்று வர வேண்டும். தமிழில் பெயருக்கு முன்னால் நிற்கும் அடைமொழி மாறாது, நீண்ட கடிதம், நீண்ட கடிதங்களை, எப்படி வந்தாலும் "நீண்ட"தான். அங்கே அது பெயரோடு கூடவே நடக்கும்: "லோங்கா லேத்தேரோ", "லோங்காய் லேத்தேரோய்", "லோங்காய்ன் லேத்தேரோய்ன்". இந்த ஒன்றுக்குத் தமிழ் துணைக்கு வராது, எழுதி எழுதித்தான் பழக வேண்டும். நாளைக்குக் கடிதம், வீடு, பிள்ளை மூன்றையும் பன்மையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடைமொழி சேர்த்து எழுதி இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.