ஆழாக்கு எத்தனை மில்லி? வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு வேணும்

கானாடுகாத்தான்_பேத்தி:
அப்பத்தா வீட்ல ஒரு பழைய பித்தளை ஆழாக்கு இருக்கு, பலகாரம் எல்லாத்துக்கும் அதுதான் அளவு. லீவுக்கு வந்திருக்கேன், கோயமுத்தூர் திரும்புறதுக்குள்ள மில்லி கணக்கு எடுத்துக்கணும். நெட்ல ஒரு எடத்துல 168 மில்லிங்குது, இன்னொரு எடத்துல 200. ஸ்கேல் வெச்சு அளந்து ஃபார்முலா போடலாம்னா அடி நசுங்கிக் கெடக்கு. என்ன பண்றது?

பள்ளத்தூர்_வாத்தி:
ரெண்டையும் நம்பாதீங்க. 1956ல மெட்ரிக் சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஊருக்கு ஊர் படி வேற, படில எட்டுல ஒரு பங்குதானே ஆழாக்கு, அப்ப அதுவும் வேறதான். கிச்சன் தராசுல வெறும் ஆழாக்க வெச்சு ஜீரோ பண்ணிட்டு விளிம்பு வரை தண்ணி ஊத்துங்க, எத்தனை கிராமோ அத்தனை மில்லி. நசுங்கல் எல்லாம் அதுலயே அடங்கிரும். தண்ணி விளிம்புக்கு மேல லேசா புடைச்சு நிக்கும், அதை விட்ராதீங்க, ஒரு பழைய சிடிய மேல வழிச்சு விட்டு வெளிப்பக்கத்தை தொடச்சிட்டு எடை பாருங்க. எண்ணெய்ல மட்டும் பண்ணிராதீங்க, 100 மில்லி எண்ணெய் 92 கிராம் சொச்சம்தான் வரும்.

தேவகோட்டை ஆச்சி:
வாத்தியார் சொல்றது பச்சரிசிக்குச் சரி, தலை தட்டித்தான் அளக்கணும். உளுந்துக்கு என்ன பண்ணுவ ஆத்தா? அரிசிய தலை தட்டுன ஆழாக்குல அதுக்கு மேலயே உளுந்த கோபுரமா நிக்கிற வரைக்கும் கொட்டணும், அதானே நம்ம பக்கம் வெள்ளைப் பணியாரக் கணக்கு. உன் தண்ணி கோபுரமா நிக்குமா?

பள்ளத்தூர்_வாத்தி:
ஆச்சி சரியான எடத்துல பிடிச்சிட்டீங்க 😄 இதுல இன்னொரு வில்லங்கமும் இருக்கு. அதே மில்லி பிடிக்கிற வேற டம்ளர் வாங்குனாலும் வாய் அகலமா இருந்தா கோபுரம் பெருசாயிரும். வாய் 6 செ.மீ, கோபுர உயரம் ஒன்றரைன்னா உளுந்து 14 மில்லி. அதே சரிவுல வாய் 8 செ.மீ ஆனா உயரம் 2, உளுந்து 33 மில்லிக்கு மேல போயிரும், பணியாரம் எண்ணெய் குடிச்சா அப்பறம் என்னை திட்டாதீங்க. பேசாம அப்பத்தாவையே ஒரு தடவை கொட்டச் சொல்லி, அந்த உளுந்த தனியா எடை போட்டு எழுதிக்கங்க.

கானாடுகாத்தான்_பேத்தி:
சூப்பர் சார், ஆச்சிக்கும் நன்றி! இன்னொன்னு, கந்தரப்பத்துக்கு ஒரு மண்டவெல்லத்த காட்டி "இது ரெண்டு ஆழாக்கு வரும்"ங்கிறாங்க. உடைக்காம செக் பண்ண முடியுமா? தண்ணில போட்டா கரைஞ்சிருமே.

பள்ளத்தூர்_வாத்தி:
கடுகு எடுங்க. ஒரு டப்பா நிறைய கடுகு கொட்டி தலை தட்டி, அத வேற பாத்திரத்துக்கு மாத்திருங்க. இப்ப வெல்லத்த டப்பாக்குள்ள வெச்சு, அதே கடுக சுத்தியும் மேலயும் கொட்டி மறுபடி தலை தட்டுங்க. மிஞ்சுற கடுக ஆழாக்குல அளந்தா அதான் வெல்லத்தோட கன அளவு. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி கொட்டுங்க, நடுவுல டப்பாவ தட்டி குலுக்குனா கடுகு இறுகிக் கணக்கு தப்பிரும்.

தேவகோட்டை ஆச்சி:
அவுக உடைச்ச வெல்லத்தையில்ல ரெண்டு ஆழாக்குங்கிறாக. தட்டிப் போட்டா இடைவெளி விட்டுக் கூடத்தான் நிக்கும், உன் கடுகுக் கணக்கு கொறச்சுக் காட்டும். உடைச்சே அளந்துக்க ஆத்தா, எப்படியும் பாகுக்கு உடைக்கத்தானே போற.